பன்னிரண்டாம் நம்பர் சாவி

இருபத்தேழு சாமான், ஒரு பெட்டி.
ரெண்டாயிரத்து ஐந்நூறு சொன்னவன்
நான் திரும்பி நாலடி நடக்க
ஆயிரத்து முந்நூறுக்கு இறங்கினான்,
பஸ் நிலையத்துக்குப் பின்னாலை,
டோர்ச் லைட்டுகளுக்கும் சப்பாத்துகளுக்கும் நடுவிலை.
அப்பவே யோசிச்சிருக்க வேணும்,
இவ்வளவு கெதியாய் இறங்குற விலை
வேறெங்கையோ ஏறப் போகுதெண்டு.

ஒவ்வொரு சாவியின்ர முதுகிலும்
குரோம் வனேடியம் எண்ட எழுத்து.
எழுத்து நல்ல ஆழம்.
அந்தப் பெட்டியிலை வளையாதது அது ஒண்டுதான்.

குருநகர் இறங்குதுறை. வெயில் ஏற முன்னம்
அருளப்பற்ற எஞ்சினைக் கழட்டத் தொடங்கினன்.
பதினைஞ்சு குதிரையும் ஒண்டாய்ப் படுத்திட்டுது.
"தண்ணி துப்புதில்லை, ரெஜினாக்கா,
சூடேறி நடுக்கடலிலை நிண்டது.
பின்னேரம் நண்டு வலைக்குப் போகோணும்."

கீழ்ப்பெட்டியிலை நாலு போல்ட்.
மூண்டு முனகிக்கொண்டு வந்தது.
நாலாவதை
உப்பு தன்ர பிள்ளையாய்த் தத்தெடுத்துப்போட்டுது.

சாவியைக் கொளுவி, காலை ஊண்டி, ஒரு இழுவை.
அசைஞ்ச மாதிரி இருந்தது.
அசைஞ்சது போல்ட் இல்லை, சாவியின்ர வாய்.
கொட்டாவி விடுற ஆள் மாதிரி
ஆறுதலாய் அது விரிஞ்சுகொண்டு போக
போல்டின்ர ஆறு முகமும் ஒரே முகமாச்சு.
கதவுக்குத் திறப்பு, நட்டுக்குச் சாவி
எண்டுதான் எங்கடை பேச்சு.
இது தன்னைத்தானே திறந்த சாவி.

பிறகு குறடு. அது பிடிச்சது என்ர விரலை.
பிறகு, உளி எண்டு நினைச்சு, ஸ்குரூ டிரைவர்.
பிடி கையிலை, தண்டு கடலிலை.
அருளப்பு ஒண்டும் சொல்லேல்லை,
வானத்தைப் பாத்துக்கொண்டு நிண்டார்.
வானத்திலை ஒண்டும் இல்லை.
தனிய நிக்கேக்கை சாவியைத் திட்டலாம்,
கூலி தாறவருக்கு முன்னாலை திட்டேலாது.

செபமாலையின்ர பட்டறை ரெண்டு ஒழுங்கை தள்ளி.
அவரிட்டைக் கறுத்த வளையச் சாவி ஒரு கட்டு இருக்கு.
எழுத்தே இல்லை அதுகளிலை,
தேய்ஞ்சு போச்சோ, முதலே இல்லையோ.
பதினொண்டைக் கேட்டன்.
"பன்னிரண்டு போல்டுக்கோ?" எண்டு கேட்டவர்
என்ர முகத்தைப் பாத்து விளங்கிக்கொண்டார்.
"தரலாம். அடைமானம்?"
மோதிரத்தைப் பாத்தார். கழராது எண்டன்.
பத்து வருசமாய்த் துருப்பிடிச்ச வேறொரு நட்டு அது.
போனை வைச்சிட்டு வந்தன்.

மண்ணெண்ணெய் விட்டுக் கால்மணித்தியாலம் பொறுத்து,
ஒரு நம்பர் சின்னதான அந்த வளையத்தை
உருண்டுபோன தலையிலை வைச்சுச் சுத்தியலாலை அறைஞ்சு இறக்கி,
மூச்சைப் பிடிச்சு
ஒரு சாண் தூரம்.
கிறீச்.
இதைவிட நல்ல சத்தம் இந்த மாதம் கேக்கேல்லை.
இழையெல்லாம் அரிசிமா மாதிரி உப்பு.
உள்ளுக்குள்ளை ரப்பர்ச் சக்கரத்திலை
ஆறு செட்டைக்கு ரெண்டு மிச்சம்.

மூண்டரைக்கு எஞ்சின் துப்பிச்சுது,
நேராய் என்ர சட்டையிலை.
அருளப்பு அப்பதான் சிரிச்சார்.

சாவியைக் குடுக்கப் போனன். செபமாலையும் சிரிச்சார்.
"உன்ர போனுக்கு ஒருத்தன் எடுத்தவன்,
பாசையூர்ப் பொடியன், நாப்பது குதிரை, கியர் விழுதில்லையாம்.
நீ வேலையாய் நிக்கிறாய் எண்டு
இஞ்சை கொண்டரச் சொல்லிப்போட்டன்."
வாசலிலை அந்த எஞ்சின் கிடந்தது,
மூடி கழட்டினபடி.

இரவு கணக்கை எழுதேக்கை
பெட்டியின்ர விலையை வெட்டிப்போட்டு
புதிசாய் ஒண்டு எழுத வெளிக்கிட்டன்.
எவ்வளவு எண்டு தெரியேல்லை. வெறுமையாய் விட்டன்.

வாய் பிளந்த சாவியை எறியத்தான் எடுத்தது.
பிறகு ஏனோ அளந்து பாத்தன்.
பதின்மூண்டு.
அந்த இருபத்தேழுக்குள்ளை இல்லாத நம்பர்.
ஆணியாலை முதுகிலை கீறினன்,
ஆழமான எழுத்துக்குப் பக்கத்திலை.
இரும்பு ஒரு மறுப்பும் சொல்லாமல்
இடம் விட்டுக்குடுத்தது.